காசநோயாகவே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உன் தம்பியும் சுகம். அப்பாவையும் சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் அவர் பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் கடிதம்.

மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றேனே, படம் எடுத்ததில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள், கட்டங்காப்பி நிறத்தில் வந்தது. இவர் குனிந்தபடியே, "நம்ம வீட்டுக் குழாயில கூட இவ்வளவு வராதே" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். காலம் பூராவும் கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தவர் என்றேன். "அந்தத் தூசி நுரையீரல்லயே தங்கிடுமேம்மா" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நீரில் ஏடிஏ என்று ஒரு நொதி உண்டாம், நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலும் காசநோய்தானாம், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுமாம். தாண்டாவிட்டால் என்று கேட்டேன். "முதல்ல ரிசல்ட் வரட்டும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் புருஷனுக்குக் காசநோயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு திரிந்தேன், இப்படி ஒரு வேண்டுதலை யாரிடம் சொல்வது? அவரோ தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "பேத்திக்கு ஒட்டிக்கும், அவளை இப்ப வர வேணாம்னு சொல்லிடு" என்று புலம்பினார்.

நேற்று முடிவு வந்தது. ஒன்பது. காசநோயாக இருக்க வாய்ப்பில்லை என்று டாக்டரம்மா ஆரம்பித்ததும் இவர் மீதியைக் காதில் வாங்கவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, சும்மா பயந்து செத்தோம்" என்றார். அவர் சட்டை மாட்டப் போனபோது டாக்டரம்மா என்னிடம் தணிந்த குரலில், நுரையீரல் உறையில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார், கையோடு, "வெளியூர்ல பிள்ளைங்க இருந்தா வரச் சொல்லுங்கம்மா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வந்துவிடு கண்ணு. லீவுக்கு வருவதாகவே அவரிடம் சொல், போனில் அழுதுவிடாதே. குட்டிக்குக் கம்பளிச் சட்டை மறக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பேத்தி வருவாள், விழுந்துவிடக் கூடாது என்று பக்கத்து அறையில் உன் பழைய கட்டிலுக்குத் தடுப்புப் பலகை அடிக்கிறார். இரண்டு அடி அடிக்கிறார், நிறுத்தி மூச்சு வாங்குகிறார், மறுபடியும் அடிக்கிறார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா