கோடாலிக்குக் கீழே ஒரு சிலுவை

மார்ச் 14, செவ்வாய்

கனடாச் சுற்றுலாப் பயணிகளோடு இந்த வருடத்தின் முதல் பேருந்து இன்று வந்தது. முப்பத்தெட்டு பேர், முப்பத்தெட்டு ஈரக் குடை. மேயர் அலுவலகத்தின் தரையை நேற்றுதான் துடைத்தேன்.

வழக்கமான பேச்சு. பிரான்சின் இந்தப் பேர்ஷ் மாகாணத்திலிருந்து அந்தக் காலத்தில் கியூபெக்குக்குப் போனவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை, இன்று அவர்கள் வம்சம் லட்சக்கணக்கில். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் ஒப்பந்தப் பத்திரத்தின் நகல். 1647. மாத்துரேன் கோயே, தச்சன், வயது இருபத்திரண்டு. மூன்று வருடம் அங்கே வேலை செய்வதாக ஒப்பந்தம். எழுதத் தெரியாது. அதனால் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் தன் கோடாலியை வரைந்தான். "மூன்று வருடம் முடிந்தது. அவன் திரும்பி வரவில்லை" என்று நிறுத்துவேன். பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் இன்னும் எனக்குப் புல்லரிக்கிறது. பேருந்தில் மணிக்கணக்கில் உட்கார முணுமுணுக்கிறோம். அவர்கள் மாதக் கணக்கில் கப்பலில், எலிகளோடு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல்! என்ன ஜனங்கள்!

ஒரு அம்மாள் கண்ணாடிச் சட்டத்தில் விரலை வைத்துக் கேட்டாள்: "கோடாலிக்குக் கீழ இந்தச் சிலுவை யாரோடது?"

"அது யாரோ சாட்சி" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

மார்ச் 19, ஞாயிறு

மகள் கொலின் மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். மொர்தாஞ் சந்தையிலிருந்து ரத்தத் தொத்திறைச்சி வாங்கி வந்து, ஆப்பிளோடு வதக்கி, அவளுக்குப் பிடித்த மாதிரி. பாலாடைக்கட்டி எடுத்து வைக்கும்போது சொல்கிறாள். கியூபெக்கில் தச்சு வேலையாம். பழைய தேவாலயங்களின் கூரைகளைச் செப்பனிடும் நிறுவனம். ஒப்பந்தம் ஆகிவிட்டதாம். ஜூலையில் பயணம்.

"மூணு வருஷம்தாம்மா."

மூணு வருஷமாம்! என்கிட்டயா சொல்றா? மூணு வருஷம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் தியெரி கத்தியைக் கீழே வைத்தார். மாடு கன்று போடும்போது பார்ப்பாரே, அந்த முகம். நான்தான் பேசினேன். நிறையப் பேசினேன். நன்றி கெட்டவள் என்றுகூட.

அவள் சொன்னாள்: "ஊருக்கு வர்றவங்க கிட்டல்லாம் அவங்களைப் பத்திப் பெருமையா நீதானே பேசுற?"

"அவங்க செத்து முந்நூறு வருஷம் ஆச்சுடி!"

சிரித்துவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மார்ச் 20

பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மார்ச் 28, செவ்வாய்

இன்னொரு பேருந்து. "அவன் திரும்பி வரவில்லை" என்ற இடத்துக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். நன்றாக நடித்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 6, வியாழன்

அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம், விசாவுக்கு. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதில் முத்திரை வைப்பது யார்? மேயர் அலுவலகச் செயலர், இந்த மரிவோன்தான்.

"நேரம் முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குங்க, மேடம்."

மேடம்! வேண்டுமென்றே.

"எழுத்து மூலமா விண்ணப்பம் வேணும்."

மேசையிலேயே நின்றுகொண்டு எழுதினாள், 'மதிப்பிற்குரிய செயலர் அம்மையாருக்கு' என்று ஆரம்பித்து, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு. ஆறு வயதிலும் அப்படித்தான் எழுதுவாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு வெளியே போய்க் கதவை அறைந்தேன்.

உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம். மாத்துரேன் கோயே தரையில்.

"அவனையும் போக விட மாட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் மூடியிருக்கும். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கப் போனேன். சட்டம் கழன்று கிடந்தது. நகலைச் சுற்றி ஒட்டியிருந்த அட்டை பிரிந்து, இத்தனை வருடமாக அதன் அடியில் மறைந்திருந்த இடது ஓரம் வெளியே தெரிந்தது. அங்கேயும் எழுத்து! பத்திரம் எழுதி முடித்த பிறகு விட்டுப்போனதை நோட்டரிகள் ஓரத்தில்தான் எழுதுவார்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் அட்டைக்கு அடியில் என்ன என்று ஒரு நாளும் பார்க்கத் தோன்றவில்லை.

பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கால எழுத்து கோழி கிளறிய மாதிரி. மதியம் வரை ஆயிற்று. கடைசியில் கிடைத்தது இது:

'மேற்படியானுக்கு இருபத்தைந்து வயது நிரம்பாததால், அவன் தாய் பெரின், விதவை, நேரில் வந்து சம்மதித்தாள். கையெழுத்திடத் தெரியாது என்று சொல்லித் தன் குறியை இட்டாள்.'

அந்தச் சிலுவை.

யாரோ சாட்சி என்றேனே. பத்தொன்பது வருடமாக, எத்தனை பேருந்துகளுக்கு! பெற்றவளை யாரோ ஆக்கிவிட்டேன்.

அவள் குறி இல்லாமல் அந்தக் கோடாலி செல்லாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தனியாக இருந்தவள், விறகு பிளக்கவும் கூரை ஒழுகினால் அடைக்கவும் வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை அவன். அத்தனையும் தெரிந்து, சேற்றில் மொர்தாஞ் நோட்டரி வீடு வரை நடந்து போய், வாழ்நாளில் பிடித்திராத இறகுப் பேனாவைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஒரு கோடு நேர். இன்னொன்று கோணல், நடுவில் மை கொட்டியிருக்கிறது. பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு எதையோ யோசித்திருக்க வேண்டும்.

'சம்மதித்தாள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் அந்த நோட்டரி. ஆம்பளை.

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகச் சான்றிதழ் எழுதினேன். முத்திரை வைத்தேன். இரண்டு முறை அழுத்தினேன்.

ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் துணி துவைத்த துணிதுறைக்கு மேலே இருந்த பழைய கூரையைப் பிரித்துவிட்டுக் கொலின் புதிதாகப் போடுகிறாள். ஊரை விட்டுப் போவதற்கு முன் கடைசி வேலை. அங்கே எடுத்துப் போனேன். ஏணி உச்சியில் நின்று ஓக் உத்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஓர் ஆணிகூட இல்லை. மரம் மரத்துக்குள் நுழைந்து, ஒரு தட்டுத் தட்டினாள், உட்கார்ந்துவிட்டது. என் மகள் வேலை செய்வதை நின்று பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு அழகாகச் செய்கிறாள்! எனக்குப் பெருமை பொங்கியது. இந்தக் கையை மொர்தாஞ்சைச் சுற்றியே கட்டி வைக்கப் பார்த்தேனா?

"உங்க விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது" என்று கீழேயிருந்து கத்தினேன்.

இறங்கி வந்து, கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். பெரினைப் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"பாவம், அந்தம்மா" என்றாள்.

"பாவம் இல்லடி. கெட்டிக்காரி."

ஜூன் 24, சனி

கூரை முடிந்தது. முடித்ததும் உத்திரத்தில் தன் குறியைச் செதுக்குவது தச்சர்கள் வழக்கம். கொலினின் குறி ஒரு சிறிய கவராயம். செதுக்கி முடித்துவிட்டு இறங்கினாள்.

"உளியைக் குடு" என்றேன்.

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வலி வேறு. தியெரி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மரி, வேணாம், மரி" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஏறினேன். ஓக் மரம் இவ்வளவு இறுக்கமா! ஒரு கோடு போடுவதற்குள் வேர்த்துவிட்டது. கவராயத்துக்குக் கீழே, முதல் கோட்டின் குறுக்கே இரண்டாவது கோடு.

கொலின் அண்ணாந்து பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோணலா இருக்கும்மா" என்றாள்.

"அவளுதும் கோணல்தான்."

ஜூலை 9

ரயில் நிலையத்தில் அழவில்லை. திரும்பும்போது காரில் அழுதேன். தியெரி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவரும்.

ஆகஸ்ட் 2

படம் அனுப்பியிருக்கிறாள். ஏதோ தேவாலயக் கூரை மேல் நின்று இளிக்கிறாள். தலைக்கவசம் போட்டிருக்கிறாள், பரவாயில்லை.

செப்டம்பர் 12, செவ்வாய்

நாற்பத்தோரு பேர். புதுச் சட்டத்துக்கு அட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், ஓரமெல்லாம் தெரிகிறது. இப்போது கோடாலியோடு நிறுத்துவதில்லை. பெரினின் வரியை வாசித்துக் காட்டுகிறேன். இன்று யாரும் கை தட்டவில்லை. இரண்டு மூன்று பெண்கள் மட்டும் அருகில் வந்து சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மழைக்குத் துணிதுறையில் ஒதுங்கினோம். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. ஒரு பெரியவர் தலையைத் தூக்கி உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கவராயம் தச்சரோடதுதானே? கீழ இருக்கிற சிலுவை யாரு? சாட்சியா?"

"இல்லைங்க" என்றேன். "அது அவளோட அம்மா."