விஷமில்லாத சாமான்

என் உயிரான ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கிற மையவாடிக்குள் பெண்கள் நாங்கள் வருவதில்லை. மதிலுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் என்னோடேயே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் இப்போது நான்தான் வேலை செய்கிறேன். கல்முனையில் அதே ஹாஜியாரிடம், கை கழுவும் சவர்க்காரத் திரவம் கலந்து போத்தலில் அடைக்கிற அதே அறையில். கோபப்படாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து உங்கள் மாப்பிள்ளை, என் மச்சான், கடலுக்குப் போகவில்லை. ஒலுவில் துறையில் அவருடைய போட் கட்டியபடியே கிடக்கிறது. அவர் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு வாசல் கேட்டையே பார்க்கிறார். யார் வரப் போகிறார்கள் என்று பார்க்கிறாரோ, தெரியவில்லை.

நீங்கள் விழுந்த அன்று நடந்ததை எனக்கு முழுதாகச் சொன்னது கமலாதான். பெரியநீலாவணையிலிருந்து பஸ்ஸில் வந்து உங்களோடு போத்தல் நிரப்பிய அதே கமலா. இன்னும் அவள் அந்த அறையின் வாசலை நேராகத் தாண்டுவதில்லை, ஓரத்தால்தான் போகிறாள்.

சவர்க்காரத்தில் கலக்கிற கிளிசரின் பரலில், அந்தப் பெரிய பீப்பாயில், பூட்டியிருந்த பைப் கொஞ்ச நாளாகவே சொட்டியதாம். நீங்கள் ஹாஜியாரிடம் போய்க் கேட்டீர்களாம்.

"ஹாஜியார், இந்தப் பைப்ப மாத்தித் தாங்க. கீழ வைக்க ஒரு தட்டும் வேணும், கொஞ்சம் மரத்தூளும் வேணும். வெறுந்துணியால துடைச்சா இது போகுதில்ல, பரவிப் போகுது."

அவர் சிரித்தாராம். "என்ன புள்ள, அசிட்டப் போல கதைக்கிறீங்க? இது இனிப்புச் சாமான். மருந்துக்கும் போடுறாங்க. விஷமா இது?"

அவர் சொன்னது பொய் இல்லை, ராத்தா. உங்களுக்கும் அது தெரியும். விரல் நுனியில் ஒரு துளி தொட்டு உதட்டில் பூசிக்கொண்டு வருவீர்களே. அந்த அறையில் உள்ள சாமான்களிலேயே ஆபத்துக் குறைந்தது அதுதான். ஆனால் தண்ணீர் சிந்தினால் காய்ந்துபோகும், இது காயாது. காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு வெள்ளை மாபிள் தரையில் அப்படியே படுத்திருக்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. கால் வைத்தவருக்குத்தான் அது அங்கே இருப்பது தெரியும்.

அன்று கடைகளுக்குச் சாமான் ஏற்ற வெளியே ஓட்டோ நின்றது. நிரப்பிய கேனைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். கிளிசரினில் கால் வழுக்கியது. பின்தலை படியில் அடித்தது. கமலா கத்திக்கொண்டு ஓடி வந்தபோது நீங்கள் எழும்பி இருந்து சிரித்தீர்களாம்.

"ஒண்டுமில்ல கா. கேன் உடைஞ்சுதா பாரு."

பிளேன்டீ குடித்தீர்கள். கையில் பிடித்த வேலையை முடித்தீர்கள். வீட்டுக்கு வந்து தலை இடிக்கிறது என்று படுத்தீர்கள். பொழுதுபட்டு மஃரிபுக்கு வாந்தி எடுத்தீர்கள், அதற்குப் பிறகு எங்களில் யாரையும் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியிலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். விழுந்த உடனே கொண்டுவந்திருக்கலாமே, தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதே என்று டொக்டர் கேட்டார். யாரிடம் கேட்டார்? மச்சானிடமா, என்னிடமா? சிரித்துக்கொண்டு வீடு வந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

உங்கள் ஜனாஸாவுக்கு, அடக்கத்துக்கு வந்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "ஹயாத்து அவ்வளவுதான்." ஆயுள் முடிந்தது என்பதை நானும் நம்புகிறேன், ராத்தா. அல்லாஹ்வின் நாட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகு பைப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

வேலையிடங்களைப் பார்க்கிற அரசாங்கக் காரியாலயம் ஒன்றிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். பரலில் ஒட்டியிருந்த லேபலை வாசித்தார், தரையைப் பார்த்தார்.

"இதுக்கு நாங்க என்ன எழுத? கெமிக்கலால ஒண்டும் நடக்கல்லயே. வழுக்கி விழுந்தது எண்டுதான் எழுதலாம்" என்றார்.

அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்.

ஹாஜியாரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஜனாஸாவில் அவர் சின்னப் பிள்ளையைப் போல அழுதார். வாசல்வரை றபர் விரிப்புப் போட்டார். புதுப் பைப் பூட்டினார். ஒரு சாக்கு மரத்தூளும் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் இருந்தன. உங்கள் பேரால் இவ்வளவாவது நடந்ததே என்று நினைத்தேன்.

பிறகு மாரிமழை வந்தது. மரத்தூள் நனைந்து பூஞ்சணம் பிடித்தது; கொட்டினார்கள், வேறு வரவில்லை. விரிப்பில் எறும்பு மொய்க்கிறது என்று கழுவச் சுருட்டினார்கள். சுருட்டியது சுருட்டியபடியே பின்கட்டில் இருக்கிறது. போன கிழமை பைப்புக்குக் கீழே என் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு துளி வந்து விழுந்தது.

நான் போய்ச் சொன்னேன். "ஹாஜியார், பைப் திரும்பவும் சொட்டுது."

அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "ஓம் புள்ள, பாப்பம்" என்றார்.

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் உங்கள் முகம் தெரிந்திருக்கும். எல்லோரும் நம் இருவரையும் மாற்றிக் கூப்பிடுவார்களே.

இனித்தான், ராத்தா, நான் எழுதப் பயந்த விசயம். உங்கள் மகள் ரிஸ்னா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கெல்லாமோ விண்ணப்பம் போட்டாள். ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. இன்று குசினிக்கு வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் நின்றாள்.

"சாச்சி, ஹாஜியார் என்னையும் வேலைக்கு வரச் சொல்லியிரிக்கார். நாளையிலிருந்து வாறன்."

"வேணாம் மகள். நான் ஒருத்தி போறதே காணும், போதும்."

"காணுதா சாச்சி? வாப்பாவப் பாருங்க. தம்பிமாரப் பாருங்க."

"வேற எங்கயும் தேடுவம்."

"எங்க? நீங்களே ஒரு இடத்தச் சொல்லுங்க, போறன்."

நான் அரிசியைக் களைந்துகொண்டே நின்றேன். அரிசியை உலையில் போட்டுவிட்டு விறாந்தைக்குப் போனேன். மச்சானிடம் சொன்னேன். அவர் கேட்டைப் பார்த்தபடி, "அவட விருப்பம்" என்றார். அவருக்குக் கேட்டதா என்றும் எனக்குத் தெரியவில்லை.

ராத்தா, உங்கள் பிள்ளையைத் தடுப்பேன் என்று வாக்குத் தர என்னால் முடியவில்லை. முடிந்ததைத் தருகிறேன். ஒவ்வொரு காலையிலும் அவளுக்கு முன்னால் நான் அந்த அறைக்குள் போவேன். தச்சுப்பட்டறையில் மரத்தூள் கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். தூவி, கூட்டி அள்ளி, சுடுதண்ணீரால் கழுவிய பிறகுதான் அவளை உள்ளே விடுவேன். பரலுக்குப் பக்கத்தில் அவளை நிற்கவிட மாட்டேன். ஒரு நாள் அவள் விழுந்து, எழும்பிச் சிரித்தால், அந்தச் சிரிப்பை நம்பமாட்டேன்; கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

இது போதாது என்று எனக்கும் தெரியும்.

உங்கள் உடன்பிறந்தவள்,
ரிஸ்னாவின் சாச்சி,
சமீமா