சாமியாகிப் போன கருப்பன்

விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், 9

களஞ்சியத்தில் கணக்கு எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால், தாய்ப்பசு செத்துப்போன கன்றுக்கு மகள் தாமித் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கிறாள். காலையில் நான், மாலையில் அவள். மூன்று மாதமாக இப்படித்தான்.

"அப்பா, கருப்பன் நாக்குக்கு அடியில வண்டு மாதிரி என்னமோ இருக்கு."

விளையாட்டு என்று நினைத்துக் குனிந்தேன். வண்டு வடிவ மச்சமேதான். நெற்றியில் வெள்ளை முக்கோணம், முதுகில் கழுகு உருவம்; கோயில் காளைக்குச் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன — இவ்வளவு நாள் என் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

10

யாரிடமும் சொல்லவில்லை.

19

ஊர் வாயை மூட முடியுமா? மெம்பிஸ் பூசாரிகள் வந்துவிட்டார்கள். பழைய ஏப்பிஸ் காளை இறந்த பிறகு, ப்தாஹ் கடவுள் எந்தக் கன்றில் இறங்கியிருக்கிறார் என்று ஊர் ஊராகத் தேடுகிறார்களாம். நாக்கைத் தூக்கிப் பார்த்ததும் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் மனைவி இபுத்தைக் கட்டிக்கொண்டாள். "குடுத்து வெச்சவடி நீ!"

கருப்பனை மெம்பிஸுக்குப் படகில் ஏற்றியபோது தாமித் மட்டும் படகுக் கயிற்றை விடவில்லை. "சாமியாவது ஒண்ணாவது! அவன் என் விரலச் சப்பிக்கிட்டுத்தான் தூங்குவான்!"

பூசாரிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மறு ஆண்டு, வெள்ளப் பருவம், முதல் மாதம், 20

தாமித்துக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. சிங்கமுகத்தாள் செக்மெத் அனுப்பிய நோய் என்று வைத்தியர் தாயத்துக் கட்டினார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இபுத் கத்தினாள்: "நம்ம வீட்டுக் கூழக் குடிச்சவன்தானே அந்தச் சாமி! போய்க் கேளுய்யா!"

நாளை படகேறுகிறேன்.

25

மெம்பிஸ் கோயில். கருப்பன் எவ்வளவு வளர்ந்துவிட்டான்! கழுத்தில் தங்கம். கேள்வியை மனதில் வைத்துத் தீனியை நீட்ட வேண்டும். தின்றால் நல்ல வாக்கு, முகத்தைத் திருப்பினால் கெட்டது.

என் பிள்ளை பிழைப்பாளா?

தின்றான்! உள்ளங்கையையும் நக்கினான். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

29

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். தாமித் கண் திறந்து சிரித்தாள்.

"உங்க கையில அவன் எப்பவும் தின்பானேப்பா. வேற ஆள விட்டு நீட்டியிருக்கலாம்ல?"

சாமியாகத் தின்றானா, கருப்பனாகத் தின்றானா? ஐயோ, இது எனக்கு அங்கேயே ஏன் தோன்றவில்லை?

இபுத் காதில் விழவில்லை.

இரண்டாம் மாதம், 3

தாமித்தின் உடலைப் பதம் செய்து முடிக்கும் எழுபது நாளும் எனக்கு இனி சவரம் கிடையாது. இபுத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு இன்னும் வாசலிலேயே கிடக்கிறாள்.

விதைப்புப் பருவம், முதல் மாதம், 18

புதுப் பசு கன்று போட்டது. இபுத் அதன் வாயைப் பிளந்து, நாக்கின் அடியில் விரல் விட்டுத் தேடினாள்.

"ஒண்ணுமில்ல. இது நமக்குத்தான்."

பசுவின் பால் கன்றுக்குப் போதவில்லை. கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். மாலை நேரம். பழக்கத்தில் தாமித்தைக் கூப்பிட்டுவிட்டேன்.