கீல் வைத்த தடுப்பு

அன்பு மகனுக்கு,

இங்கே உன் அப்பாவின் முழங்காலும் முன்கோபமும் தவிர மற்றதெல்லாம் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். புராட்டஸ்டண்ட் பெண்ணைத்தான் கட்டுவேன், கல்யாணம் நம் ஊரில்தான் என்று நீ எழுதியதை அப்பா மூன்று தரம் படித்தார், "நாம கத்தோலிக்கரு, அவங்க வேற, நான் கல்யாணத்துக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தச்சுப் பட்டறைக்குள் போய் இழைப்புளியை எடுத்தவர்தான், கையில் கிடைத்த பலகை பாதியாகிவிட்டது. நல்ல வேளை, அங்கே நீ இல்லை.

வெறும் வாயால் சொன்னால் நீ மசிய மாட்டாய், ஆதாரத்தோடு மடக்க வேண்டுமாம், அதனால் நான் வேலை பார்க்கிற நூலகத்திலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு திருச்சபை வரலாறு கொண்டுவரச் சொன்னார். முதல் வாரம் புராட்டஸ்டண்டுகள் செய்த கொடுமைகளாகப் பொறுக்கி எனக்குச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினார், எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இரண்டாம் வாரம் நம் ஆட்கள் மனிதர்களை உயிரோடு எரித்த பக்கம் வந்தது, அவருக்கு இறங்கவில்லை. அன்று மெதுவாக, "அடி வாங்குறப்போ ரெண்டு பேருமே, மனசாட்சியைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அதிகாரம் கைக்கு வந்ததும் ரெண்டு பேருமே மறந்துட்டாங்க" என்றார். ஐரோப்பாவில் இரண்டு சபையும் முப்பது வருஷம் சண்டை போட்ட கதையை முடித்துவிட்டு, "மனசு மாறி விடல, சலிச்சுப் போய்த்தான் விட்டிருக்காங்க" என்று அலுத்துக்கொண்டார். நமக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், நானும் அப்படித்தான் விட்டுக்கொடுத்துக் கொண்டிருக்கிறேன் என்றேன், முறைத்தார். கடைசியில் ஒரே கோயிலில் இரண்டு சபையும் நேரம் பிரித்துக்கொண்டு கும்பிட்ட ஊர்கள் வந்தன, அந்தப் பக்கத்தில் பென்சிலை வைத்து மூடினார்.

இதற்கிடையே மழையில் நம் கோயில் கூரை இறங்கிவிட்டது. அடுத்த தெருப் புராட்டஸ்டண்ட் போதகர் தம் ஜெபக்கூடத்தில் பாதியைத் தயங்காமல் நமக்குக் கொடுத்தார். நம் மாதா, புனிதர் சுரூபங்கள் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நடுவில் மரத் தடுப்பு அடிக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறாய்? அசையாமல் ஆணியடித்துத் தர வேண்டும் என்பது நம் பங்குச் சாமியார் சொன்ன கட்டளை. சனிக்கிழமை பொருத்தி முடித்ததும் போதகர் சும்மா தொட்டுப் பார்த்தார், தடுப்பு முழுவதும் மடங்கிச் சுவரோரம் போய் நின்றது. பத்துக் கீல், எல்லாவற்றுக்கும் எண்ணெய் வேறு. சாமியார் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, "கல்யாணக் கூட்டம் உட்கார இடம் வேணாமா" என்று சொல்லிவிட்டு உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன், சொன்னால் என்ன.

அவராக உனக்கு எழுத மாட்டார், நீயே அப்பாவுக்கு இரண்டு வரி எழுது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அந்தப் பெண்ணுக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒருவரையொருவர் பொறுத்துப்போக வைக்கட்டும். மறக்காமல் பெண் வீட்டார் எத்தனை பேர் என்று எழுது, பெஞ்சுக்கு அளவெடுக்க வேண்டுமாம்.

உன் அம்மா