நூறு வருஷச் சரக்கு

அண்ணா,

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார்.

நூறு வயது தாண்டியவர்களின் குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று ஆராய ஒரு டாக்டரம்மா வந்தார். அப்பாவின் மலத்தை ஒரு டப்பாவில் கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதும் வேண்டுமாம். அறுபத்தைந்து வயதில் எனக்கு இது ஒன்றுதான் குறைச்சல். அப்பாவோ, "நூறு வருஷச் சரக்கு, பத்திரமா எடுத்துட்டுப் போம்மா" என்று கிண்டல் வேறு.

நேற்று டாக்டரம்மா ரிசல்ட்டோடு வந்தார். ஒரு தாளை என்னிடம் நீட்டி, "உங்க குடல் அருமையா இருக்குங்க, எத்தனை வகை நல்ல பாக்டீரியா!" என்றார். மற்றதைப் பார்த்து, "அப்பாவோடதுதான் மோசம். வயசாச்சு இல்லையா" என்று இழுத்தார். அப்புறம்தான் லேபிளைப் படித்தார். தாள்களை மாற்றிக் கொடுத்தார்.

"வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?" என்று என்னைக் கேட்டார். அப்பாவுக்குக் காய்கறியை மசித்து ஊட்டி, துணி மாற்றி, படுக்க வைத்துவிட்டு, மிச்சத்தை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறேன். அதற்கு வேளை என்று பெயரா? எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அப்பா சிரிக்கவில்லை. இன்று காலை ஸ்பூனைத் தட்டிவிட்டார். "நீ உக்காந்து சாப்பிடு. அப்பதான் நான் வாயைத் திறப்பேன்" என்று ஒரே அடம். பதினொரு மணிவரை இரண்டு பேரும் பட்டினி.

வாராவாரம் "அப்பாவை நல்லா பாத்துக்கோ" என்கிறாயே. நூற்றிரண்டு வயதில் அவர் என்னைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நீ எப்போது வருகிறாய்?

உன் தங்கை