முதல் பரிசுக்கு நெய்த சால்வை

ஜனவரி 4, திங்கள்
காலையில் பனி. பஸ் தாமதம். நெசவாளர் சங்கத்தில் என் டைப்ரைட்டர் ரிப்பன் மறுபடியும் சிக்கல்.

வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழா ஒன்றிலிருந்து, சென்னை ஏற்றுமதிக் கம்பெனி வழியாக ஆர்டர். முதல் பரிசு வாங்கும் இயக்குநருக்குப் போர்த்த ஒரு பட்டுச் சால்வை. நடுவில் விழாச் சின்னம், ஒற்றை அன்னம். கூடவே விழாவின் வரலாறு, ஆங்கிலப் புத்தகம். செயலாளர்: "நீங்கதான் சினிமா பாக்கறவங்க. படிச்சி ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதுங்கம்மா." நான் பார்ப்பது வேறு சினிமா.

ஜனவரி 7, வியாழன்
படித்தேன். தலை சுற்றுகிறது. முதல் சில வருடம் போட்டியே இல்லை, ஓட்டல் தோட்டத்தில் சும்மா படம் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் பரிசு. அப்புறம் பரிசுக்குப் பெயர் மாற்றம். ஒரு வருடம் இரண்டு படங்களுக்குச் சேர்த்து ஒரே முதல் பரிசு. கோப்பையை யார் வீட்டில் வைத்தார்கள்? நடுவர்களுக்குள் சண்டை, ஒருவர் பாதியில் எழுந்து போயிருக்கிறார். நடுவர் பரிசு தனி, விமர்சகர் பரிசு தனி, ஜனங்கள் பரிசு தனி. அப்போ எதுதான் நல்ல படம்?
வாங்க வேண்டியது: சீயக்காய், கார்பன் தாள், அம்மாவுக்கு இருமல் மருந்து.

ஜனவரி 25, திங்கள்
சால்வை வந்தது. நெய்து கொண்டுவந்தவர் ஐயம்பேட்டை கோதண்டம் அண்ணன். சங்கத்தில் அவரை மிஞ்சிய கை இல்லை. பிரித்தேன். இரண்டு அன்னம், முகத்துக்கு முகம்.

"இன்னாண்ணா, குடுத்த படத்துல ஒண்ணுதானே இருக்குது?"

"ஒத்தையில வுட்டா ஆவாதும்மா. முப்பது வருசமா கண்ணாலப் பொடவ நெய்ஞ்சிக்கினு வர்றேன். ஜோடி இல்லாம ஒரு பட்சி என் தறியிலேர்ந்து எறங்குனதில்ல. பரிசு வாங்கறவன் நல்லா இருக்க வேணாமா?"

மாற்றி நெய்ய நாள் இல்லை. செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பச் சொன்னார். எனக்கென்னவோ இரண்டுதான் அழகாகப் பட்டது. மடித்துப் பார்சல் கட்டினேன்.

மார்ச் 3, புதன்
வெயில் ஆரம்பம். சால்வை திரும்பி வந்துவிட்டது. மடிப்புக்கூடக் கலையவில்லை. கூடக் கடிதம் இல்லை. செயலாளர் குதித்தார். "கோதண்டத்துக்கு இனிமே ஸ்பெஷல் ஆர்டர் கெடையாது. சாதாப் பொடவ நெய்யட்டும்."

சொல்லும் வேலை என் தலையில். அந்த இரண்டாவது அன்னத்தால்தான் என்று நானே சேர்த்துச் சொல்லிவிட்டேன். எனக்கு யார் சொன்னது? அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 6, சனி
கோதண்டம் அண்ணன் மனைவி சங்கத்துக்கு வந்தார். "மூணு நாளா தறியில எறங்கலம்மா. கை கெட்டுப்போச்சான்னு கையையே பாத்துக்கினு குந்திக்கினு கீறாரு."
டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும்.

மார்ச் 9, செவ்வாய்
இன்றுதான் விழாவிலிருந்து கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். இந்த வருடம் முதல் பரிசுக்கு எந்தப் படமும் தகுதி பெறவில்லை என்று நடுவர்கள் முடிவாம். அதனால் சால்வையைத் திருப்பினார்களாம். அன்னத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிரித்தாவது பார்த்தார்களா? ஊர் ஊரிலிருந்து படம் வரவழைத்துப் போட்டி வைப்பார்களாம், முதல் என்று ஒன்று இல்லையாம். எனக்கு விளங்கவில்லை. செயலாளர், "செரி செரி, பழையபடி ஆர்டர் குடுங்க" என்று ஃபைலில் கண்ணை வைத்துக்கொண்டார்.

மத்தியான பஸ்ஸில் ஐயம்பேட்டை. கடிதத்தோடு போனேன். சொன்னேன்.

"அப்ப எம்மேல தப்பு இல்லியா?"

"இல்லண்ணா. நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

"அது போவுது. நெசவப் பத்தி இன்னா எழுதிக்கீறாங்க?"

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க, அந்த எடத்தத் தொட்டுக் காட்டும்மா."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எந்தப் படமும் தகுதி பெறவில்லை என்ற வரியின் மேல் விரலை வைத்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.