ஸ்டீயரிங்கில் ஒட்டிய நீல டேப்

மான்ட்ரோஸ், கொலராடோ
அக்டோபர் 14

அன்புள்ள வெண்டல்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. ஹேசலுக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் கண்ணை மூடினாள். எழுத்து கோணலாக இருந்தால் அவள் என் இடது தோளில் கிடக்கிறாள் என்று புரிந்துகொள்.

நீ நெவாடாவுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. அதில் எனக்கு வந்தது ஒரே ஒரு தபால் அட்டை. ‘வந்து சேர்ந்தேன். கட்டில் குட்டை.’ கூடப்பிறந்தவளுக்கு எழுதுகிற லட்சணமா இது? போனையும் எடுப்பதில்லை. இருக்கிறாயா, சுரங்கத்தில் விழுந்துவிட்டாயா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே நோலன் வேலைக்குப் போகிறான். கம்பத்தில் ஏற விடவில்லை. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதே இல்லை. மடங்காத கையோடு மின்கம்பத்தில் ஏறக் கூடாது என்பது சட்டமாம். அதனால் அலுவலகத்தில் உட்காரவைத்து, கரண்ட் போன வீட்டுக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு அம்மாள், “ஏம்ப்பா, கம்பத்துல ஏறத் தெரிஞ்சவன் யாராச்சும் அங்க இருந்தா அவன்கிட்ட போனைக் குடு” என்றாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

போன வாரம் அப்பாவின் டிரக் மேலிருந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டான். ஜூனில் விபத்துக்குப் பிறகு இழுவை வண்டி கொண்டுவந்து விட்ட இடத்திலேயேதான் கிடக்கிறது. வலது கதவு உள்வாங்கியிருக்கிறது, கூரையில் ஒரு பள்ளம்.

“இப்படியே போட்டு வச்சா பாம்பு குடித்தனம் பண்ணும். சரி பண்ணிடலாம்,” என்றான்.

“யாரு பண்றது?”

“உங்க அண்ணன் பேரை மட்டும் எடுக்காதே.”

அப்புறம் கீழே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஸ்பிரிங்கை என்னமோ ஒழுங்காத்தான் போட்டிருக்கான், கழுதை,” என்றான்.

அதனால்தான் எழுதுகிறேன். வர மாட்டாய் என்று தெரியும். பிரேக் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்றாவது எழுதி அனுப்பு. பாறையைப் படித்துப் பட்டம் வாங்கினவள், பாறையில் ஏறுகிற வண்டியையும் கொஞ்சம் படித்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். ஹேசல் எழுந்துவிட்டாள். பிறகு.

உன் தங்கை,
கோரின்

*

எல்கோ, நெவாடா
அக்டோபர் 27

அன்புள்ள கொசுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சுரங்கத்துக்குள்ளே போவதில்லை, சாமான் கிடங்கில் பெட்டி எண்ணுகிறேன். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தரம் எண்ணுகிறேன். மேற்பார்வையாளருக்கு அதில் பெரிய சந்தோஷம். ஏன் இரண்டு தரம் என்று அவருக்குத் தெரியாது.

பிரேக்குக்கு வருகிறேன். அப்பாவின் டிரக் அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். முதலில் அதைக் கழற்றித் தூர வீசு. இரண்டு அறை உள்ளதாகப் போடு. பின்னால் போனாலும் முன்னால் நிற்கும். ஸ்பிரிங்கைத் தொடும் முன்பே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்தது, வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற ரப்பர் ஹோஸ். வண்டியை ஐந்து அங்குலம் உயர்த்தினால் பழைய ஹோஸ் எட்டாது. ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, ஆக்சிலை எவ்வளவு தொங்குமோ அவ்வளவும் தொங்கவிட்டு அள. தரையில் நிற்கும்போது அளந்தால் எந்த ஹோஸும் போதும் போலத்தான் தெரியும்.

புது ஹோஸைத் தபாலில் வரச்சொல்லியிருந்தேன். அது வரும்வரை யாரும் வண்டியை எடுக்கக் கூடாதென்று ஸ்டீயரிங்கில் நீல டேப்பை ஒட்டினேன். ‘பின் ஹோஸ் குட்டை. எடுக்காதே.’ அப்படி எழுதியதாக என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ‘எ’வை எழுதும்போது பேனா மை விட்டு விட்டு வந்ததுகூட ஞாபகம். ஆனால் சனிக்கிழமை காலையில் நோலன் வண்டியில் ஏறியபோது டேப் இல்லை. நோலன் பொய் சொல்கிறவன் இல்லை. பாறைப்படியில் இறங்கும்போது சக்கரம் தொங்கியது, ஹோஸ் அறுந்தது, பெடல் தரைக்குப் போனது. மிச்சம் உனக்குத் தெரியும்.

அப்பாவின் கொட்டகைச் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். டேப்பை ஒட்டியவன்தான் பிய்க்கணும். வேறு எவனும் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தில் வளர்ந்த வீட்டில் யாரும் பிய்த்திருக்க மாட்டார்கள். அப்படியானால் நான் ஒட்டவே இல்லை. செய்யாததைச் செய்ததாக என் மண்டை சொல்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை நான் உன் மாமியாரிடம் சொன்னபோது, எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீ மட்டும் என் தோளில் கை வைத்தாய். அதை நான் மறக்க மாட்டேன், கொசு. மறக்காத விஷயம் ஒன்றாவது இருக்கட்டும்.

வெண்டல்

*

மான்ட்ரோஸ்
நவம்பர் 19

அன்புள்ள வெண்டல்,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் திட்டிக்கொள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில் வண்டிச் செய்தி. இரண்டு அறை சிலிண்டரைப் போட்டாகிவிட்டது. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவரில் பழைய ஓட்டை ஒத்துவரவில்லை. நோலன் தகடு வெட்டிக் கொடுத்தான், ஒரு கையாலேயே. பக்கத்து வீட்டு இர்மா வேலியருகே வந்து நின்று, “ஏண்டி, பிள்ளை பெத்த எட்டாம் மாசம் உங்கம்மா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தா. நீ என்னடான்னா டிரக்குக்கு அடியில காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கே!” என்றாள். ஹேசலைத் தூக்கிக்கொண்டு போனவள் சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளை வாயெல்லாம் பூசணிக்காய்.

நீ சொன்னபடி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தேன். தரையில் நின்றபோது, அறுந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால், பழைய ஹோஸில் நான்கு விரற்கடை தளர்வு இருந்தது. தொங்கவிட்டதும் சட்டத்துக்கும் அதற்கும் நடுவே என் கை முழுசாகப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே அடியில் படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நோலன் வந்து என் பூட்ஸைத் தட்டினான். “தூங்கிட்டியா?” இல்லை என்றேன். “பின்ன ஏன் அழுவுறே?” கண்ணில் துரு விழுந்துவிட்டது என்றேன்.

நீ மறக்கிறவன் இல்லை, வெண்டல். எனக்குத் தெரியும். தெரியும் என்று மட்டும் எழுதினால் உனக்குப் போதாது என்பதும் தெரியும்.

ஹேசலின் முதல் பிறந்தநாள் மார்ச்சில் வருகிறது. நீ வந்தே ஆக வேண்டும். நோலன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கோரின்

*

எல்கோ
டிசம்பர் 8

கொசுவே,

சிலிண்டருக்குச் சபாஷ். தகட்டு ஓரத்தில் அரம் போட்டானா என்று நோலனிடம் கேள். போட்டிருக்க மாட்டான்.

பிறந்தநாளுக்கு வர மாட்டேன். கோபமில்லை. இப்போது சொல்லப்போவதைக் கேட்டுப் பதறாதே.

அப்பாவுக்கு மறதி நோய் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். சக்கர நட்டை முறுக்கிவிட்டேன் என்பார், முறுக்கியிருக்க மாட்டார். பொய் இல்லை, முறுக்கியதாகவே நம்புவார். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தொன்று. கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனாலும் வரக்கூடியதுதான் என்று இங்கே இருக்கிற டாக்டர் சொன்னார். ஜனவரி 9ஆம் தேதி ரீனோவில் பெரிய பரிசோதனை. அவர் “முதல் சம்பவம் எது?” என்று கேட்டார். டேப்பைச் சொன்னேன். அதைத்தான் காகிதத்தில் முதல் வரியாக எழுதிக்கொண்டார்.

முடிவு தெரியும்வரை கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன். கிடங்குக்கு நடந்து போகிறேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். அணைத்துத்தான் இருக்கிறது. இதுவரைக்கும்.

உன் பிள்ளையைத் தூக்க ஆசைதான். தூக்கியதை மறந்து எங்காவது வைத்துவிட்டால்? சிரிக்கச் சொல்லவில்லை.

பழுது பார்க்கும் வேலைக்கு இனிமேல் வர மாட்டேன். வண்டியை நீயே வைத்துக்கொள்.

வெண்டல்

*

மான்ட்ரோஸ்
டிசம்பர் 15

அன்புள்ள வெண்டல்,

உறைக்குள் ஒரு நீல டேப் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பார். ‘எ’வின் நடுவில் மை விட்டுப்போயிருக்கும்.

நீ ஒட்டினாய். பிய்த்தது நான்.

வியாழக்கிழமை. ஹேசலுக்கு அப்போது மூன்று மாதம். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். டிரக் என் காரை மறித்துக்கொண்டு நின்றது. நீ டேப்பை ஸ்டீயரிங்கின் குறுக்கே இழுத்து ஒட்டியிருந்தாய், திருப்ப முடியவில்லை. படித்தேன். புரிந்தது. முற்றத்துக்குள்ளேயே பன்னிரண்டடி நகர்த்தினால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் பிய்த்தேன். திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று, கையிலிருந்த, பிள்ளையைத் துடைக்கிற ஈரத்தாள் பெட்டியின் மூடியில் ஒட்டி ஹேசலின் பைக்குள் போட்டேன். டாக்டர், மருந்து, இரவெல்லாம் அழுகை. டேப் என் நினைவிலிருந்தே போய்விட்டது. மறந்தவள் நான்.

அது மட்டுமென்றால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். சனிக்கிழமை விடியற்காலை நோலன் அறை வாசலில் வந்து நின்று, “ஸ்டீயரிங்கில டேப் எதுவும் இல்லை. உங்க அண்ணன் வேலையை முடிச்சுட்டான் போல. ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?” என்று கேட்டான். ஹேசல் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணே திறக்கவில்லை. “ம்” என்றேன்.

அந்த ஒரு ‘ம்’முக்கு நோலனின் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைக்குத் துணி மாற்றப் பையைத் திறந்தேன். பெட்டியை எடுத்தேன். மூடியில் உன் கையெழுத்து இருந்தது. நான்கடி தள்ளி நீ நோலனின் அம்மாவிடம், “ஒட்டினேன்னுதான் நெனச்சேன்... ஒட்டலை போலிருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பையை மூடினேன். எழுந்து வந்து உன் தோளில் கை வைத்தேன். நீ மறக்க மாட்டேன் என்று எழுதினாயே, அந்தக் கை அது.

அன்றைக்குச் சொல்லாததற்குக் காரணம் பயம். நோலன் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் நீ ஊரைவிட்டே போய்விட்டாய். உன் கடிதம் வந்த அன்று நான்கு தடவை போன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை ‘ஹலோ, யாரு?’ என்றாய். வைத்துவிட்டேன். அதுவும் நான்தான். எடுத்தது கனவோ என்று குழம்பிவிடாதே. உண்மையாகவே மணி அடித்தது, உண்மையாகவே நீ எடுத்தாய்.

வெள்ளிக்கிழமை புது ஹோஸை மாட்டி, பிரேக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியே எடுத்தோம். நான் வண்டிக்கு அடியில், நோலன் பெடலில். “மிதி.” “மிதிச்சாச்சு.” “பிடிச்சுக்கோ.” திருகைத் திறந்தேன். எண்ணெய் வந்துகொண்டிருந்தபோதே எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. சொல்லி முடிக்கும்வரை அவன் கால் பெடலில் அழுத்தமாக இருந்தது. பிறகு எடுத்துவிட்டான். திருகு திறந்தே இருந்ததால் குழாய்க்குள் சர்ரென்று காற்று ஏறியது. ஒரு மணி நேர வேலை வீண்.

கதவு திறக்கிற சத்தம் வரவில்லை. நானும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து, “அவனுக்குத் தெரியுமா?” என்றான்.

“இல்லை.”

“ஆறு மாசமா அந்த ஆளைக் கழுதைங்கிறேன். நீ சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தே.”

திருகின் மேல் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தேன்.

“அவனுக்கு எழுது. எனக்கு என்ன சொல்றதுங்கிறதை அப்புறம் யோசி,” என்றான். பிறகு, “திருகை மூடு. முதல்லேருந்து எடுக்கணும்.”

முதலிலிருந்து எடுத்தோம். மிதி, பிடி என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் கல் மாதிரி நிற்கிறது. இந்த மூன்று நாளாக அவன் என்னிடம் பேசுவதெல்லாம் பால் பாட்டிலைப் பற்றித்தான். போகவில்லை. இருக்கிறான். எவ்வளவு நாள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

ரீனோவுக்குப் போவதென்றால் போ. ஆனால் இந்த டேப்பையும் எடுத்துக்கொண்டு போ. அந்த டாக்டர் முதல் வரியாக எழுதியதை அவர் கையாலேயே அடிக்கச் சொல். அது உன் தலையில் நடந்த சம்பவம் இல்லை. என் கையில் நடந்தது.

ஸ்டீயரிங்கில் புதிதாக ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். ‘வெண்டல் பார்க்கவில்லை. எடுக்காதே.’ நோலன் படித்தான், தொடவில்லை. ஒட்டியது நான், பிய்க்க வேண்டியதும் நான்தான். நீ வந்து அடியில் படுத்து அந்த ஹோஸைப் பார்க்காமல் பிய்க்க மாட்டேன். நீ வராமலே போனால் அது அங்கேயே இருக்கட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதினேன்; எழுதிய தாளைக் கிழித்தேன். அதைக் கேட்க இது நேரமில்லை. திட்டி எழுது. ஒரே வரியாக இருந்தாலும் சரி, ‘கட்டில் குட்டை’ மாதிரி. டேப் கைக்கு வந்துவிட்டது, படித்துவிட்டாய் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒன்பதாம் தேதிக்கு முன்னால், சீக்கிரம் பதில் போடு.

கோரின்